இத்ரிய்யாவின் தடம்: பலெர்மோ முதல் லெச்சே வரை

நாள் 1: பலெர்மோ, மார்ச் 14

சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில், பல்லரோ சந்தையில் உலர்ந்த பாஸ்தா விற்கும் சிறிய கடையொன்றில் இன்று காலை ‘திரியா இருக்கிறதா?’ என்று கேட்டேன். கடையிலிருந்த இளைஞருக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. ஸ்பகெத்தி, புக்கத்தீனி, வெர்மிச்செல்லி என்று ஒவ்வொரு பொட்டலமாக எடுத்துக் காட்டினார். எனக்குப் பின்னால் கூடையுடன் நின்றிருந்த மூதாட்டி ஒருவர், தம் தாயார் மெல்லிய இழைப் பாஸ்தாவைத் ‘திரியா வெர்மிச்செல்லி’ என்று சொல்லக் கேட்டிருப்பதாகவும், அவர் போனபின் அந்தச் சொல்லைத் தம் வீட்டில் எவரும் சொல்வதில்லை என்றும் கூறினார். அவர் சொன்னபோது வெர்மிச்செல்லியின் லகரங்கள் நாவை மேலே வளைத்து ஒலிக்கும் டகரங்களாக மாறியிருந்தன. சிசிலிய மொழியில் இத்தாலியின் இரட்டை லகரம் பெரும்பாலும் இப்படித்தான் ஒலிக்கும் என்று படித்திருந்தேன். ஐரோப்பிய வாயொன்றில் நம் டகரத்தைக் காதால் கேட்டது இதுவே முதல் முறை.

வெர்மிச்செல்லி என்றால் இத்தாலிய மொழியில் ‘சிறு புழுக்கள்’ என்று பொருள். நம் ஊர் மளிகைக் கடைகளில் சேமியாப் பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் அதே சொல்தான். உருவத்தைக் கண்டு வைத்த பெயர் ஆகையால் அதில் துலக்குவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. நான் தேடிவந்திருப்பது அதற்கு மூத்த பெயரை. மெல்லிய மாவிழையைக் குறிக்க இத்தாலியில் வழங்கிய சொற்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று திரியா. அது அரபியின் ‘இத்ரிய்யா’விலிருந்து வந்தது, அரபிக்கு அது அரமேய மொழி வழியாகக் கிரேக்கத்தின் ‘இத்ரியோன்’ என்னும் சொல்லிலிருந்து சேர்ந்தது. நான்கு மொழிகளைக் கடந்த அச்சொல் ஒவ்வொரு மொழியிலும் வேறொரு பண்டத்தைக் குறித்தது என்பதுதான் என்னை இங்கே இழுத்து வந்தது.

மதிய உணவு மத்தி மீன் பாஸ்தா. காட்டுப் பெருஞ்சீரகத்தின் இளந்தழை, உலர்திராட்சை, பைன் பருப்பு, குங்குமப்பூ ஆகியவற்றோடு மீன் கரைந்து குழைந்திருந்தது. அந்தத் தழை தளிர்க்கும் பருவம் இதுவே என்பதால் சந்தை முழுவதும் அதன் மணமாக இருக்கிறது.

நாள் 2: பலெர்மோ, மார்ச் 15

ஒரு சொல் மொழி விட்டு மொழி தாவ வேண்டுமானால் அம்மொழிகளைப் பேசுவோர் ஒரே தெருவில் வாழ்ந்திருக்க வேண்டும். பலெர்மோவில் அப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கான சான்றுகள் கல்லிலேயே இருக்கின்றன; இன்றைய பகல் முழுவதும் அவற்றைப் பார்ப்பதிலேயே கழிந்தது.

நார்மன் அரண்மனையில் உள்ள கப்பெல்லா பலத்தீனா என்னும் அரசத் தேவாலயத்தைப் பார்க்க வருவோர் பெரும்பாலும் அதன் பொன் ஓவியங்களுக்காகவே வருகிறார்கள். கிரேக்கப் பாணியில் அமைந்த அந்தக் கண்ணாடிச் சில்லு ஓவியங்களுக்கு மேலே, அரபுக் கலைமரபில் தேன்கூடு போலச் செதுக்கிய மரக்கூரை விரிந்திருக்கிறது. நான் அவற்றைவிட அதிக நேரம் நின்றது, அருகிலுள்ள சுவரில் பதித்திருக்கும் ஒரு கல்வெட்டின் முன்னால். சிசிலியை ஆண்ட நார்மன் மன்னர் இரண்டாம் ரோஜர் 1142இல் ஒரு நீர்க்கடிகாரம் அமைத்த செய்தியை அது இலத்தீன், கிரேக்கம், அரபு என மூன்று மொழிகளில் சொல்கிறது.

பிற்பகலில் ஸீஸா மாளிகைக்குப் போனேன். அதன் பெயரே ‘அல் அஸீஸ்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபுதான். அங்குள்ள அருங்காட்சியகத்தில் 1149ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு நினைவுக்கல் இருக்கிறது. ரோஜரின் அரசவையைச் சேர்ந்த கிறிசாந்துஸ் என்னும் கிறித்தவக் குரு, தம் தாய் அன்னாவுக்காக எடுப்பித்தது. மேலே எபிரேய எழுத்தில் எழுதிய அரபு, நடுவில் ஒருபுறம் இலத்தீன், மறுபுறம் கிரேக்கம், கீழே அரபு எழுத்தில் அரபு. ஒரே தாயின் மறைவை நான்கு பகுதிகளும் தத்தம் மரபின் ஆண்டுக் கணக்கில் குறிக்கின்றன. அந்த அம்மையார் உயிரோடிருந்த நாள்களில் அவர் வீட்டு அடுக்களையில் இழைப் பாஸ்தா வெந்திருந்தால் அதை எந்தப் பெயரால் அழைத்திருப்பார்கள் என்ற எண்ணம், கல்லை விட்டு நகர்ந்த பின்பும் என்னை விடவில்லை.

திரும்பும் வழியில் ஓர் இனிப்புக் கடையில் ‘குப்பாயித்தா’ வாங்கினேன். எள்ளைத் தேனிலோ சர்க்கரைப் பாகிலோ இறுக்கித் துண்டு போடும் பண்டம். நம் எள்ளு மிட்டாயை அறிந்த கைக்கு அது புதிதாகத் தோன்றாது. சிசிலியில் எள்ளுக்கு ‘ஜுஜ்ஜுலேனா’ என்று பெயர். அரபியின் ‘ஜுல்ஜுலான்’ என்பதிலிருந்து வந்தது. குப்பாயித்தாவும் ‘குப்பைத்’ என்னும் அரபுச் சொல்லே. பழங்கிரேக்கத்தில் ‘இத்ரியோன்’ என்று சொன்னது எள்ளும் தேனும் சேர்ந்த இதே வகைப் பணியாரத்தைத்தான்! பிற்காலக் கிரேக்கத்தில் மாவினால் செய்த மெல்லிய பண்டங்களுக்கும் அச்சொல் நீண்டது. ஆக, பண்டம் இந்தத் தீவின் கடையில் அரபுப் பெயரோடு விற்பனைக்கு இருக்கிறது; அதன் கிரேக்கப் பெயரோ பண்டத்தை விட்டு நீங்கி, அரபியின் வழியாகப் பாஸ்தாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பையில் நான்கு துண்டுகளைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

நாள் 3: திராபியா, மார்ச் 16

பலெர்மோவிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், மெசினா செல்லும் இரயில் பாதையில், கடலை ஒட்டி இருக்கிறது திராபியா. இறங்கியபோது மேடையில் என்னைத் தவிர இருவரே இருந்தனர். கடலோரம் ஒரு கோட்டை, படகுகள், மேட்டில் ஏறும் தெருக்கள், அவற்றுக்குப் பின்னால் மலை. சுற்றுலா நூல்கள் இந்த ஊரை ஓரிரு வரியில் கடந்துவிடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. உணவின் வரலாற்றில் இதற்குள்ள இடம் அவ்வளவு பெரியது.

இரண்டாம் ரோஜர், அல் இத்ரீசி என்னும் அரபு அறிஞரைத் தம் அவைக்கு அழைத்து, உலக நிலப்பரப்பை முழுவதும் விவரிக்கும் நூலொன்றை எழுதச் செய்தார். பல ஆண்டுகள் பயணிகளையும் மாலுமிகளையும் விசாரித்துத் தொகுத்த அந்நூல் 1154 ஜனவரியில் முடிந்தது. அடுத்த மாதமே மன்னர் மறைந்தார். ‘ரோஜரின் நூல்’ என்று பெயர்பெற்ற அந்த நூலில், தெர்மினி என்னும் ஊருக்கு மேற்கே உள்ள திராபியாவைப் பற்றிச் சில வரிகள் வருகின்றன. வற்றாத ஓடைகள், அவற்றில் சுழலும் ஆலைகள், பரந்த வேளாண்மை, அங்கே பெருமளவில் செய்யும் இத்ரிய்யா, அது கப்பல் கப்பலாக நீரிணைக்கு அப்பால் உள்ள கலாப்ரியாவுக்கும் முஸ்லிம், கிறித்தவ நாடுகளுக்கும் ஏற்றுமதியாவது ஆகியவற்றை அவர் குறிப்பிடுகிறார். வீட்டு அடுக்களைக்கு வெளியே, விற்பதற்கென்றே உலர்பாஸ்தா செய்த இடத்தைப் பற்றி இத்தாலிய மண்ணிலிருந்து கிடைக்கும் மிகப் பழைய செய்தி இது. மார்கோ போலோ சீனாவிலிருந்து பாஸ்தாவைக் கொண்டுவந்தார் என்ற கதையை இன்றும் பலர் நம்புகிறார்கள். அவர் வெனிசுக்குத் திரும்பியது 1295இல். அதற்கு 141 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரையிலிருந்து பாஸ்தாவை ஏற்றிய கப்பல்கள் கிளம்பிக்கொண்டிருந்தன.

கப்பலில் ஏற வேண்டுமானால் பண்டம் கெடாமல் இருக்க வேண்டும். இங்குதான் கோதுமையின் வகையும் காற்றும் பேசுகின்றன. சிசிலியில் விளைவது துரும் என்னும் கெட்டிக் கோதுமை. அதை அரைத்தால் மென்மாவாகாமல் மஞ்சள் நிற ரவையாக உடையும். அந்த ரவையைத் தண்ணீர் மட்டும் விட்டுப் பிசைந்து இழையாக்கினால், உலர்ந்தபின் உடையாமலும் வெந்தபின் குழையாமலும் நிற்கும் பதம் அதற்கு உண்டு. கடற்காற்றும் மலைக்காற்றும் மாறிமாறி வீசும் கரையில் அந்த இழை நன்றாகக் காயும். காய்ந்ததும் மாதக்கணக்கில் கெடாத பண்டம் ஆகிவிடுகிறது.

இந்த உலர்த்தல்தான் சொல்லின் வரலாற்றிலும் திருப்புமுனை என்று எனக்குப் படுகிறது. யூதர்களின் சமயச் சட்டத் தொகுப்பான யெருசலேம் தல்மூதில் இத்ரிய்யாவின் அரமேய மூதாதைச் சொல் வேகவைத்த மாவுப் பண்டத்துக்குப் பெயராக வருகிறது. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஈஷோ பர் அலி என்னும் மருத்துவர் தாம் தொகுத்த அகராதியில், ரவையால் இழை போலச் செய்து, காயவைத்துப் பின் சமைப்பது என்று இத்ரிய்யாவுக்குப் பொருள் எழுதினார். அந்த இடத்தில்தான் எள்ளும் தேனும் முற்றிலும் மறைந்து, இழையும் உலர்த்தலும் சொல்லின் உள்ளே புகுந்துவிடுகின்றன. இன்றைய எபிரேயத்தில் ‘இத்ரியோத்’ என்றால் நூடுல்ஸ். அரபு உலகத்தின் பெரும்பகுதியிலோ இத்ரிய்யா வழக்கொழிந்து, முடி என்னும் சொல்லிலிருந்து பிறந்த ‘ஷஅரிய்யா’ அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பாரசீகத்தில் இழைக்கு ‘ரிஷ்தா’ என்று பெயர். அதுவும் மாவிழைக்கு ஆகி, அல்ஜீரியா வரை போயிருக்கிறது. முடி, நூல், புழு என்று கண்ணில் பட்ட உருவத்தைப் பெயராக்கிய சொற்களே எங்கும் வென்றிருக்கின்றன. உருவத்தைச் சொல்லாத இத்ரிய்யா சில மூலைகளில் மட்டுமே பிழைத்தது.

ஊரின் பெயரான திராபியாவும் பண்டத்தின் பெயரான திரியாவும் ஒலியில் நெருங்கி நிற்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று சொல்லிவிட ஆசை எழுகிறது. அந்த ஆசைக்கு இணங்கக் கூடாது. ஊர்ப்பெயர் ‘அத் தர்பீஆ’ என்னும் வேறொரு அரபுச் சொல். நான்கு, சதுரம் ஆகிய பொருள்களைத் தரும் வேரிலிருந்து பிறந்தது. திரியா என்பதைக் கிரேக்க எண்ணாகிய மூன்றோடு இணைத்து விளக்குவதும் இதைப் போன்ற மயக்கமே. சொல்லாராய்ச்சியில் ஒலியொற்றுமை வெறும் தொடக்கம்தான். எந்த வழியில், எந்த நூற்றாண்டில், யார் வாய்வழியாக அது போயிற்று என்று காட்ட முடியாதபோது அந்த ஒற்றுமையைக் கீழே வைத்துவிட வேண்டும்.

மாலையில் ஓடைக் கரையில் கொஞ்சதூரம் நடந்தேன். தண்ணீர் குறைவாக இருந்தாலும் ஓசை இருந்தது. கடல் இரண்டு நிமிட நடையில் இருக்கிறது. ஆலையும் அதற்கான நீரும், காயவைக்கும் காற்றும், ஏற்றும் துறையும் இவ்வளவு சிறிய பரப்பில் ஒன்றுகூடியிருந்ததைக் கண்ணால் பார்த்தபின், அல் இத்ரீசியின் வரிகள் எனக்கு இன்னும் தெளிவாகின்றன.

நாள் 4: மெசினா நீரிணை, மார்ச் 17

இன்று முழுவதும் பயணம். மெசினாவில் இரயில் பெட்டிகளைப் பிரித்து, கப்பலுக்குள் இருக்கும் தண்டவாளத்தில் ஏற்றி, மறுகரையில் வில்லா சான் ஜொவான்னியில் இறக்குகிறார்கள். பெட்டியிலிருந்து இறங்கி மேல்தளத்தில் நின்று கலாப்ரியாக் கரை நெருங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அல் இத்ரீசி பெயர் சொல்லிக் குறித்த அந்த ஏற்றுமதிக் கரை இதுதான்.

நான் போகாத இரு திசைகளிலும் இச்சொல் போயிருக்கிறது. வடக்கே ஜெனோவா. 1300ஐ ஒட்டி எழுதப்பட்ட ஓர் இலத்தீன் சமையல் ஏட்டில், வெங்காயத்தை எண்ணெயில் வதக்கிச் செய்யும் ‘ஜெனோவா திரியா’ இருக்கிறது. சிசிலியின் இழைப் பாஸ்தாவை ஏற்றிச் சென்று விற்றவர்களில் ஜெனோவா வணிகர் முதன்மையானவர் என்பதால், பண்டத்தோடு அவர்கள் ஊரின் பெயரும் ஒட்டிக்கொண்டது. 1279இல் அந்நகர நோட்டரி ஒருவர் எழுதிய உடைமைப் பட்டியலில் ஒரு பெட்டி நிறைய மக்கரோனி இருந்ததாகக் காண்கிறோம்; மார்கோ போலோ கதைக்கு எதிரான மற்றொரு சான்று அது. ஆனால் ஜெனோவாவில் திரியா நிலைக்கவில்லை. ‘ஃபிதெல்லி’ என்னும் வேறு சொல் மேலோங்கி, 1574இல் அந்நகரப் பாஸ்தாத் தொழிலாளர் தமக்கென வகுத்துக்கொண்ட சங்க விதிகளில் அவர்கள் ‘ஃபிதெலாரி’ என்றே பெயர் பெற்றார்கள்.

மேற்கே ஐபீரியா. அங்கே அரபியின் ‘அல்’ என்னும் முன்னொட்டும் சொல்லோடு சேர்ந்தே போயிற்று: கத்தலான் மொழியில் ‘அலத்ரியா’, போர்ச்சுகீசியத்தில் ‘அலெத்ரியா’. இது ஒரு பொதுப் போக்கு. பருத்திக்கான அரபுச் சொல் ஸ்பானிய மொழியில் ‘அல்கொதோன்’, இத்தாலியில் வெறும் ‘கொத்தோனே’. சர்க்கரை ஸ்பானியத்தில் ‘அசூக்கர்’, இத்தாலியில் ‘சுக்கெரோ’; அரபியின் ‘சுக்கர்’ என்பதற்கும் நம் சர்க்கரைக்கும் மூலம் ‘சர்க்கரா’ என்னும் ஒரே வடசொல். ஐபீரியாவில் கேட்டபடியே ஒட்டோடு ஏற்றார்கள். சிசிலியில் ஒட்டைக் களைந்து வேரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். போர்ச்சுகலில் இன்று அலெத்ரியா என்றால், மெல்லிய இழையைப் பாலும் சர்க்கரையும் முட்டை மஞ்சளும் சேர்த்து வேகவைத்து, மேலே இலவங்கப்பட்டைத் தூளால் கோலமிட்டுக் கிறிஸ்துமஸுக்குப் பரிமாறும் இனிப்பு. தேனில் தொடங்கிய சொல், உப்பு நீரில் வெந்த பாஸ்தாவைக் கடந்து, மீண்டும் இனிப்புக்கே திரும்பியிருக்கிறது.

நாள் 5: லெச்சே, மார்ச் 18

தாரந்தோவில் இரவு தங்கி, இன்று நண்பகலில் லெச்சே வந்து சேர்ந்தேன். இத்தாலியக் காலணியின் குதிகால் பகுதியான சலெந்தோவின் தலைநகர் இது. வெட்டுவதற்கு மெதுவான, தேன் நிறக் கல்லில் கட்டிய ஊர்.

வாழும் சொல்லாகத் திரியா இன்றும் எல்லோர் வாயிலும் வழங்குவது இங்கேதான். ‘சீச்செரி எ திரியா’, அதாவது கொண்டைக்கடலையும் திரியாவும், இவ்வூரின் அடையாள உணவு. அரபு ஆட்சி நீண்ட காலம் நிலைக்காத இந்த மூலையில் சொல் எப்படி வேர்விட்டது என்ற கேள்விக்கு, ஊருக்கு வெளியே இருக்கும் புனித நிக்கோலாஸ், கதால்தோ ஆகியோரின் தேவாலயம் ஒரு விடையைக் காட்டுகிறது. அதை 1180இல் எடுப்பித்த தாங்கிரேதி, லெச்சேயின் பிரபு; இரண்டாம் ரோஜரின் பேரன்; பின்னர் பலெர்மோவில் முடிசூடிச் சிசிலியின் மன்னரும் ஆனவர். பலெர்மோவும் லெச்சேயும் ஒரே அரசின் இரு ஊர்களாக இருந்தன.

மற்றொரு வாதமும் உண்டு. லெச்சேக்குத் தெற்கே கலிமேரா, மர்த்தானோ, ஸ்தெர்னாத்தியா போன்ற ஊர்களில் கிரீகோ என்னும் கிரேக்கக் கிளைமொழி இன்னும் பேச்சில் இருக்கிறது. அந்த மண்ணில் கிரேக்கச் சொல் நேராகவே தங்கியிருக்கலாமே என்பது அவ்வாதம். எளிதில் தள்ளக்கூடியதில்லை என்றாலும் நான் அரபு வழியையே நம்புகிறேன். ‘இத்ரியோன்’ என்பதன் முதலுயிர் தேய்ந்த ‘திரியா’ என்னும் வடிவம் சிசிலியிலும் ஜெனோவாவிலும் இங்கும் ஒன்றாகவே இருக்கிறது. பாஸ்தா என்ற பொருளும் மூன்றிடத்திலும் ஒன்றே. கப்பல் வழியைக் காட்டும் ஒற்றுமை அது.

கொண்டைக்கடலையின் பெயருக்கும் ஒரு கதை உண்டு, ஆனால் அது இரத்தக் கறை படிந்தது. 1282 ஈஸ்டர் திங்களன்று பலெர்மோவில் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராகக் கலகம் மூண்டபோது, ஐயத்துக்கு உரியவர்களிடம் ‘சீச்சிரி’ என்று சொல்லச் சொல்லி, அந்தச் சகர ஒலி வராதவர்களைப் பிரெஞ்சுக்காரர் என்று கண்டு கொன்றதாக மரபு சொல்கிறது. ஒரு பருப்பின் பெயரைத் தன் தாய்மொழியின் நாவால் உச்சரித்ததற்காக உயிர் போயிருக்கிறது என்பதை எழுதும்போது கை தயங்குகிறது.

நாள் 6: லெச்சே, மார்ச் 19

இன்று புனித சூசையப்பர் திருநாள். சலெந்தோவின் ஊர்களில் இந்நாளில் அவர் பெயரால் பந்தி விரித்து விருந்திடுவது வழக்கம். கொண்டைக்கடலையோடு சேர்ந்த மாவுப் பட்டை அதில் கட்டாயம் இருக்கும். சில ஊர்களில் அதை ‘மாஸ்ஸா’ என்கிறார்கள்.

நான் தங்கியிருக்கும் வீட்டின் அம்மையார் காலையிலேயே மாவைப் பிசையத் தொடங்கினார். கெட்டிக் கோதுமை ரவைமாவும் வெந்நீரும் மட்டும், முட்டை இல்லை. அரைமணி நேரம் மூடி வைத்து, நீண்ட உருளைக் கட்டையால் தேய்த்து, விரலகலப் பட்டைகளாக நறுக்கினார். அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இது இழை இல்லை, உலர்த்தியதும் இல்லை. ஈஷோ பர் அலியின் அகராதி சொன்ன எந்தக் குணமும் இந்தத் திரியாவில் இல்லை. இது ‘லகனும்’ என்று பழைய ரோமானியர் சொன்ன பட்டை மாவுக்கே நெருங்கிய உறவு. கிரேக்கத்தின் ‘லகனோன்’ இலத்தீனில் லகனும் ஆகி, அதிலிருந்து லசான்யா பிறந்தது என்பர். இதே தென் இத்தாலியின் வெனோசாவில் கி.மு. 65இல் பிறந்த ஹொராஸ் என்னும் கவிஞர், மாலையில் வீடு திரும்பி லீக் தண்டும் கொண்டைக்கடலையும் லகனுமும் சேர்ந்த உணவை உண்பதைத் தம் கவிதையொன்றில் குறிப்பிடுகிறார். பக்கத்து மாநிலமான பசிலிக்காத்தாவில் இதே உணவுக்குக் ‘லகனே எ செச்சி’ என்று அந்த இலத்தீன் பெயரே நிற்கிறது. கடலையும் மாவும் இந்த மண்ணில் இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்தே இருக்க, லெச்சேயில் மாவின் பெயர் மட்டும் நடுவில் மாறி, கடல் கடந்து வந்த அரபுப் பெயர் உள்ளூர்ப் பட்டையின்மேல் அமர்ந்துகொண்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பட்டைகளில் மூன்றில் ஒரு பங்கை அவர் தனியே எடுத்து ஆலிவ் எண்ணெயில் பொரித்தார். பொரிந்தவற்றுக்கு ‘ஃப்ரிஸ்ஸுலி’ என்று பெயர். மீதியை வேகவைத்து, பூண்டும் தழையும் சேர்த்து முந்தைய நாளே ஊறவைத்து வேகவைத்த கடலையோடு கலந்து, பொரித்ததை மேலே போட்டுக் கிளறினார். வெந்த மாவின் மென்மைக்கும் கடலையின் மாவுத்தன்மைக்கும் நடுவே பொரித்த பட்டை பல்லில் நொறுங்குகிறது. இரண்டாவது முறையும் கேட்டு வாங்கி உண்டேன்.

உண்டபின், பலெர்மோவில் வாங்கிய குப்பாயித்தாத் துண்டுகளைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். அம்மையார் ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, “எங்கள் ஊரில் இதைக் ‘கூப்பேதா’ என்போம், ஆனால் வாதுமைப் பருப்பில்தான் செய்வோம், எள்ளில் செய்வதில்லை” என்றார். அவரும் அதே அரபுச் சொல்லைத்தான் சொன்னார், வேறொரு பண்டத்துக்கு. பழைய இத்ரியோனைப் போன்ற எள்ளுப் பண்டமும் இன்றைய திரியாவும் ஒரே மேசையில் இருந்தன. நான் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டு, எள்ளை வறுத்துப் போட்டார்களா, பச்சையாகவா என்று கேட்டார்.